பழைய கையெழுத்து

நாட்டை விட்டுப் போன துரைமார் மேசை நாற்காலிகளையும் மின்விசிறிகளையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள். கூடவே தங்கள் கையெழுத்துகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த இரண்டாவது சமாச்சாரம் யாருக்கும் உடனே உறைக்கவில்லை. கொடி ஏற்றி, பாட்டுப் பாடி, மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு உலக நாடுகள் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களை ஆண்டவர்கள் உங்கள் மண்ணுக்கும் சேர்த்து இன்னின்ன ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இவற்றில் எவற்றுக்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அதற்குப் பதில் எழுதும் வேலை வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட அதிகாரியிடம் வந்தது. சட்டக் கல்லூரியை முடித்து அதிக காலம் ஆகாத பெண். அமைச்சகம் பழைய கவர்னர் பங்களாவில் இருந்தது. அவளுக்குக் கொடுத்த அறை துரைமார் பில்லியர்ட்ஸ் ஆடிய அறை. மரத் தரையில் அந்த மேசையின் கால்கள் அழுந்திய பள்ளங்கள் இருந்தன. அவளுடைய நாற்காலி அடிக்கடி அதில் ஒன்றில் இறங்கி ஒரு பக்கம் சாயும்.

ஒவ்வொரு ஒப்பந்தமாக எடுத்து மந்திரியிடம் கொண்டுபோவாள். தபால், தந்தி, விமானம் எல்லாம் சுலபமாகத் தாண்டின. ஒருநாள் திமிங்கல வேட்டை ஒப்பந்தம் வந்தது. அவர்கள் நாட்டில் கடலே கிடையாது.

"நம்ம ஊர்ல பெரிய மீனுன்னா வாய்க்கால்ல கெடக்குற கெளுத்திதானேம்மா" என்று மந்திரி வயிறு குலுங்கச் சிரித்தார். "இருந்துட்டுப் போகட்டும். திமிங்கலம் வந்தா பாத்துக்கலாம்."

பதில் எழுத இரண்டு வழிகள் இருந்தன. 'தொடர்கிறோம்' என்று எழுதினால், சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்தே அந்த ஒப்பந்தம் இடைவெளியில்லாமல் தங்களைக் கட்டுகிறது என்று அர்த்தம். 'சேர்கிறோம்' என்று எழுதினால், எழுதும் நாளிலிருந்துதான் கட்டும். அதற்கு முன் நடந்ததற்குப் பொறுப்பில்லை. திமிங்கலத்துக்கு 'தொடர்கிறோம்' என்று எழுதினாள். கடல் இல்லாத நாட்டில் எந்தச் சொல்லைப் போட்டால் என்ன?

போர்க்கைதிகள் பற்றிய ஒப்பந்தம் வந்தபோது மந்திரி சிரிக்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டும்" என்று மேசையின் இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

அப்போது வடக்கு எல்லையில் சண்டை தொடங்கியிருந்தது. பக்கத்து நாடும் அதே துரைமாரிடமிருந்து அதே வருஷம் விடுதலை வாங்கிய நாடுதான். எல்லைக் கோட்டை ஏதோ ஒரு துரை ஒரு ஆற்றின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆறு இடம் மாறிப் படுத்துக்கொண்டது. புதிதாக வெளியே தெரிந்த கரை யாருக்கு என்பதில் ஆரம்பித்த தகராறு, பீரங்கிவரை போய்விட்டது. பிடிபட்ட எதிரிச் சிப்பாய்கள் லாரி லாரியாக வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் அமைச்சகத்துக்கு நடையாய் நடந்தார். எந்தப் பக்கமும் சாராமல் போர்க்கைதிகளைப் போய்ப் பார்க்கிற சர்வதேசக் கமிட்டி ஒன்றின் ஆள். எல்லோரும் அவரைக் கமிட்டிக்காரர் என்றே சொன்னார்கள். உயரமான, எப்போதும் சளி பிடித்தவர் மாதிரி பேசுகிற வெளிநாட்டுக்காரர். அவள் அவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு மந்திரியிடம் போனாள்.

"சார், அவர் மறுபடியும் வந்திருக்கார். கைதிங்களைப் பாக்கணுமாம்."

"எந்தச் சட்டப்படி?"

"உங்க இழுப்பறைல இருக்குற ஒப்பந்தப்படி."

"அதுல நாம கையெழுத்துப் போட்டோமா?"

"அவங்க போட்டாங்க சார். நம்ம மண்ணுக்கும் சேத்துத்தான் போட்டாங்க."

மந்திரி செருப்பைக் கழற்றி, காலை மடித்து உள்ளங்காலைக் காட்டினார். அந்த மனிதர் துரைமாரின் சிறையில் வருஷக்கணக்கில் கிடந்தவர். அவர் விடுதலையாகி வந்த அன்று கல்லூரி மாணவியாகக் கூட்டத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவள் அவள். அவர் ஏன் விந்தி நடக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இன்றுதான் பார்த்தாள். பாதம் முழுக்கத் தோல் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"பிரம்பு" என்றார். "எந்த வருஷம் தெரியுமா? இந்த ஒப்பந்தத்துல அவங்க கையெழுத்துப் போட்ட அதே வருஷம். ஒரு கைல பேனா, ஒரு கைல பிரம்பு. அந்தக் கையெழுத்தை நான் தலைல தூக்கி வெச்சுக்கணுமாம்மா?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவங்களுக்காக இல்ல சார். நாளைக்கு நம்ம பையங்க அந்தப் பக்கம் மாட்டினா?"

"நம்ம பையங்க மாட்ட மாட்டாங்க."

"அப்ப முடியாதுன்னு எழுதிடட்டுமா?"

"முடியாதுன்னா ஊரே காறித் துப்பும். சரின்னா அந்த ஆள் கொட்டகைக்குள்ள வந்து நிப்பான். ரெண்டும் வேணாம். பரிசீலனைல இருக்குன்னு சொல்லுங்க."

அவள் போய்ச் சொன்னாள். கமிட்டிக்காரர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, துரைமாரின் மொழியிலேயே, "பரிசீலனை முடியும்வரை அவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமே" என்றார். அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த மொழி ஒன்றுதான்.

கைதிகளை வைத்திருந்த முகாமுக்குப் பொறுப்பாளர் ஒரு மேஜர். அந்த மேஜர் அவளுடைய அண்ணன்.

அப்பா திடீரென்று போனபோது, படித்துக்கொண்டிருந்த படிப்பை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவன் அவன். தங்கை சட்டம் படித்தது அவன் சம்பளத்தில். இப்போதும் அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணி, இரண்டு பிள்ளைகள், அவள். அண்ணன் முகாமிலேயே தங்கிவிடுவதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி சமைத்து எடுத்துக்கொண்டு போவாள். ஒரு ஞாயிறு அவளும் கூடப் போனாள்.

முகாம் என்பது ஒரு பருத்திக் கிடங்கு. தகரக் கூரை. பஞ்சுப் பொதிகள் இருந்த இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். சுவர் இடுக்கில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து இருமல் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கூரை காய்ந்து கிடந்த வெயிலில் அந்தப் பக்கம் போனாலே அடுப்பங்கரைக்குள் நுழைவது போலிருந்தது. வாசலில் ஒரு குழாய். அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

அண்ணனின் அறையில் ஒரு கைதி தரையில் உட்கார்ந்து வானொலிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டுச் சூட்டுக்கோலால் பற்றவைத்துக்கொண்டிருந்தான். எதிரிப் படையில் தந்திப் பிரிவு ஆள். ஊரில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தானாம். முகாமில் அவனுக்கு ரேடியோ என்றே பெயர். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பேச்சுத்தான். அண்ணனும் அவனும் பல நாள் பழகியவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள்.

"இவன் கை பட்டா செத்த பெட்டியும் பாடும்" என்றான் அண்ணன் பெருமையாக. அண்ணி தட்டில் சோறு வைத்தாள். அவனுக்கும் ஒரு இலையில் வைத்துத் தள்ளினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலையசைத்த பிறகுதான் தொட்டான்.

சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் கேட்டான்: "குட்டி, நீதான் சட்டம் கரைச்சுக் குடிச்சவளாச்சே. இவங்கள நான் எப்படி வெச்சுக்கணும்? சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன்."

அவள் சொன்னாள். நம் சிப்பாய்க்கு என்ன சாப்பாடோ அதே சாப்பாடு. வேண்டிய அளவு தண்ணீர். நோயாளிக்கு வைத்தியம். உயிரோடு இருக்கிறான் என்று வீட்டுக்குச் செய்தி. "வேலை வாங்கலாம். ஆனா சண்டை வேலை வாங்கக் கூடாது. குண்டுப் பெட்டி தூக்க வைக்கக் கூடாது. முடியாதுன்னா அதுக்காக அடிக்கக்கூடக் கூடாது."

ரேடியோ தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"இதெல்லாம் நம்மளக் கட்டுமா?" என்றான் அண்ணன்.

அவளுக்கு விடை தெரியும். துரைமார் போட்ட கையெழுத்து மண்ணோடு சேர்ந்தே வருகிறது, அதற்குத் தனியாகப் பதில்கூடத் தேவையில்லை என்பதுதான் அவள் படித்ததும் நம்பியதும். ஆனால் அரசாங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவள் அரசாங்க உத்தியோகஸ்தி.

"இன்னும் பதில் போகலண்ணா. பரிசீலனைல இருக்கு."

"அப்ப கட்டாது."

"நான் அப்படிச் சொல்லல."

"கட்டும்னும் சொல்லலையே!" அண்ணன் சிரித்தான். "விடு. எனக்கு மேலேருந்து ஃபோன்ல வர்றதுதான் சட்டம்."

அண்ணி பாத்திரம் கழுவக் குழாயைத் திறக்கச் சொன்னாள். ரேடியோதான் வாளியைப் பிடித்தான். தங்கை பக்கத்தில் நின்றபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"மேடம், நான் உசுரோட இருக்கேன்னு எங்க வீட்டுக்கு ஒரு வார்த்தை போகுமா? பொண்டாட்டி மாசமா இருந்தா. இப்ப பொறந்திருக்கும்."

அவன் தன் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் சொன்னான். மறுநாள் வராந்தாவில் கமிட்டிக்காரரிடம் அவள் அதை வாய்மொழியாகச் சொன்னாள். அப்படிச் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. அவர் திரும்பக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மழைக்காலம் வந்தது. வடக்கே பாலம் ஒன்று உடைந்து, முன்வரிசைக்குக் குண்டுகள் போக வழியில்லாமல் போயிற்று. அந்த நாட்களில் ஒரு மாலை அண்ணன் வீட்டுக்கு வந்தான். குளியலறைக்குள் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ரேடியோ சரி பண்ணிய பெட்டி இப்போது வீட்டில் இருந்தது. பிள்ளைகள் அதைச் சத்தமாக வைத்திருந்தார்கள்.

"நிறுத்துங்கடா அதை!"

அண்ணன் பிள்ளைகளிடம் குரலை உயர்த்துகிறவன் இல்லை. சின்னவள் அழுதுகொண்டே அண்ணியிடம் ஓடினாள்.

"ரேடியோ போயிட்டான்" என்றான் தங்கையிடம்.

"எங்க?"

"போயிட்டான்னா போயிட்டான். காய்ச்சல். நெறைய பேருக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

சில நாளில் அண்ணனை முன்வரிசைக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் அவனுடைய படைப்பிரிவு முழுக்கச் சுற்றி வளைக்கப்பட்டது. பக்கத்து நாட்டு வானொலி, பிடிபட்ட அதிகாரிகளின் பெயர்களை ஒரு சாயங்காலம் வாசித்தது. அண்ணன் பெயரைக் கேட்டதும் அண்ணி கையில் இருந்த துணியைக் கீழே போடவில்லை, அழவுமில்லை. மடித்துக்கொண்டிருந்ததை மடித்து முடித்தாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "நீ அந்த ஆபீஸ்லதான இருக்க?" என்றாள்.

அதற்குள் மந்திரியின் கார் வாசலில் வந்து நின்றது.

மந்திரியின் அறையில் இழுப்பறை திறந்து கிடந்தது. ஒப்பந்தம் மேசை மேல் இருந்தது. கமிட்டிக்காரர் வந்து போயிருந்தார். பக்கத்து நாடு அந்த ஒப்பந்தத்துக்கு 'தொடர்கிறோம்' என்று முன்னமே எழுதிக் கொடுத்துவிட்டதாம். நீங்கள் கட்டுப்பட்டால்தான் உங்கள் ஆட்களை நாங்கள் காட்டுவோம் என்கிறார்களாம்.

"எழுதுங்கம்மா" என்றார் மந்திரி. "சேர்கிறோம்னு எழுதுங்க. இன்னையிலேருந்து."

அவள் பேனாவைத் திறக்கவில்லை. "எல்லாத்துக்கும் தொடர்கிறோம்னுதான சார் எழுதியிருக்கோம். திமிங்கலத்துக்குக்கூட."

"இதுக்குச் சேர்கிறோம்."

"ஏன் சார்?"

"முன்னாடி நடந்ததை எதுக்கும்மா கிளறணும்?"

முன்னாடி என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. நாளை வரைவு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் நேராகப் பருத்திக் கிடங்குக்குப் போனாள்.

புது அதிகாரி அவளை உள்ளே விடவில்லை. ஆனால் சமையல்காரர் பழைய ஆள். அவளை மேஜரின் தங்கையாகத் தெரியும். அடுப்படிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார்.

"பாலம் ஒடஞ்சதும்மா. குண்டுப் பெட்டியெல்லாம் தலைச்சுமையாத்தான் போகணும்னு ஃபோன் வந்துது. கைதிங்களை வெளிய நிறுத்துனாங்க. அந்த ரேடியோ முடியாதுன்னுட்டான். எங்க ஆளுங்க மேல விழற குண்டை நாங்களே சுமக்க மாட்டோம்னு மண்ணுல உக்காந்துட்டான். அவனைப் பாத்து இன்னும் கொஞ்ச பேர் உக்காந்தாங்க."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"மொதல்ல நல்லவிதமாத்தான் சொன்னாரு. எந்திரிடா, வீம்பு பண்ணாதன்னு. அவன்..." சமையல்காரர் அவளைப் பார்க்காமல் விறகைப் பார்த்தார். "உங்க தங்கச்சியே சொன்னாங்களே சார், தூக்க வைக்கக் கூடாதுன்னு. சட்டம் அதான்னாங்களே. அப்படின்னான். எல்லார் முன்னாடியும் சொன்னான். மேஜர் உள்ள போயி ஃபோன்ல பேசுனாரு. வெளிய வந்து பின்பக்கம் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. உக்காந்தவங்க எல்லாரையும். அவரும் கூடவே போனாரு."

அவள் விறகுக் கட்டையில் உட்கார்ந்தாள். கிடங்குக்குப் பின்னால் புதிதாக மண் போட்டுச் சமப்படுத்திய இடத்தில் யாரோ கொடியில் சிப்பாய்களின் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணி வாசலிலேயே காத்திருந்தாள். "எழுதியாச்சா?"

"நாளைக்கு அண்ணி."

"என்ன வேணா எழுது. அவர் வீடு வந்து சேரணும். அது போதும்."

அன்றைக்கு அவள் சொல்லியிருக்கலாம். எந்தச் சொல்லை எழுதப் போகிறேன், அது அண்ணனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அண்ணியை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அண்ணி ஒரே பின்னலை மறுபடி மறுபடி அவிழ்த்துப் பின்னுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவள் கொண்டுபோன தாளில் 'தொடர்கிறோம்' என்றிருந்தது. மந்திரி படித்ததும் முகம் கறுத்தது.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"சார், இன்னையிலேருந்துன்னு எழுதினா, போன வாரம் பிடிபட்ட நம்ம ஆளுங்க இதுக்குள்ள வருவாங்களான்னு அவங்க கேப்பாங்க. அவங்க பிடிபட்டப்ப நாம வெளியதான இருந்தோம்? மொத நாள்லேருந்தே உள்ள இருந்தோம்னு சொன்னா அந்தக் கேள்வியே வராது."

அது பொய்யான வாதம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் அதை மட்டுமே அவள் நினைத்து எழுதவில்லை என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

மந்திரி எழுந்து ஜன்னல்வரை விந்தி நடந்து திரும்பி வந்தார். "முகாமுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அப்ப இது உங்க அண்ணனை வெளிய கொண்டுவந்து திரும்ப உள்ள போடுற கையெழுத்து. தெரியுமா?"

"தெரியும் சார். அந்த ஃபோன்ல பேசுனவங்களையும் சேத்துத்தான்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். "ஃபோன்ல பேசுனதுக்கு என்னம்மா சாட்சி?" என்றார் அமைதியாக. பிறகு கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் திரும்பி வந்தான். சண்டை நிறுத்தம் ஆகி, கமிட்டிக்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக் கைதிகளையும் மாற்றிக் கொடுத்தார். அந்தப் பக்கம் அவனை மோசமாக நடத்தவில்லை. காலில் பட்ட காயத்துக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். "நம்ம சாப்பாட்டை விட நல்ல சாப்பாடுதான் போட்டானுங்க" என்று வாசல் படியில் உட்கார்ந்து சொன்னான். அண்ணி அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்று தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் கையை உருவிக்கொள்ள முடியாமல் நின்றாள்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். பக்கத்து நாடு தன் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வராதவர்களைக் கேட்டது. மற்றவர்களைப் பற்றி அவர்களுக்கே நிச்சயமில்லை, சண்டையில் செத்திருக்கலாம். ஒருவனை மட்டும் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லிக் கேட்டார்கள். அவன் உயிரோடு முகாமில் இருந்தான் என்பது கமிட்டிக்குத் தெரியும். காய்ச்சலில் செத்தான் என்றது அரசாங்கம். அப்படியானால் உடலைக் காட்டுங்கள் என்றார்கள். ஒப்பந்தத்தில் அதற்கும் இடம் இருந்தது. கிடங்குக்குப் பின்னால் தோண்டினார்கள். காய்ச்சலில் செத்தவர்களின் கைகளைப் பின்னால் கட்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதே ஒப்பந்தப்படி உள்நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் அண்ணன் மட்டும் நின்றான். ஃபோனில் மேலிடம் சொன்னதைத்தான் செய்தேன் என்றான். எந்த மேலிடம் என்று கேட்டதற்கு அவனுக்குக் குரல்தான் தெரிந்திருந்தது. பெயர் சொல்லி நிரூபிக்க முடியவில்லை. மந்திரி அடுத்த தேர்தலிலும் நின்றார், ஜெயித்தார்.

அண்ணன் பக்கத்து வக்கீல் அவளையே சாட்சிக்கு அழைத்தார்.

"இந்தச் சட்டம் நம்மைக் கட்டுமான்னு உங்க அண்ணன் உங்களைக் கேட்டாரா?"

"கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதில் போகல, பரிசீலனைல இருக்குன்னேன்."

"அப்ப அன்னைக்கு அது கட்டலை."

"கட்டுச்சு. பதில் போகாட்டியும் கட்டுச்சு."

"அது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அவர்கிட்ட ஏன் சொல்லல?"

கூண்டிலிருந்த அண்ணன் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. உண்மையிலேயே அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள விரும்பியவன் போலப் பார்த்தான்.

"பயம்" என்றாள். "வேலை போயிடுமோன்னு."

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அண்ணி அன்று மாலையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். தெரு முனைவரை போனவள் திரும்பி வந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உன் காலைப் புடிச்சிருப்பேன். அதுக்குத்தான சொல்லல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆமாம் என்று சொல்லக்கூட இவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

எலும்புகளை ஒப்படைக்கும்போது அமைச்சகத்திலிருந்து ஒருவர் எல்லைச் சாவடியில் இருக்க வேண்டும். அவளை அனுப்பினார்கள். வேறு யாரும் போக முன்வரவில்லை. ரேடியோவின் மனைவி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். மூடியின் மேல் கையை வைத்து, எதையோ அளப்பது போல ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவினாள்.

"அவருக்குச் சட்டம் சொன்னது நீங்கதானா?" என்றாள்.

"எங்கண்ணன்கிட்ட சொன்னேன். அவர் பக்கத்துல இருந்தார்."

"அவருக்கு எதுக்கு அதெல்லாம் தெரியணும்? தெரியாம இருந்திருந்தா, மத்தவங்க மாதிரி பெட்டியைத் தூக்கிட்டு நடந்திருப்பாரு. இன்னைக்கு இங்க நின்னிருப்பாரு." கத்தவில்லை. கூலியாட்களிடம் பெட்டியை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் இதைச் சொன்னாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்கு அதனால ஒண்ணும் இல்ல."

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடந்தாள்.

சட்ட அதிகாரி வேலையை விடவில்லை. விட்டுவிடலாம் என்று பல முறை எழுதிக் கிழித்தாள். கடைசியில், அந்த ஒப்பந்தத்தை ராணுவப் பள்ளியில் பாடமாக வைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினாள். திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள்.

சிறைக்குப் போய்க் கேட்டபோதெல்லாம் அண்ணன் பார்க்க மறுத்துவிட்டான். ஒருநாள் வந்தான். தலை நரைத்திருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டான்.

"பல்லு வலி" என்றான். "இங்க டாக்டர் வர்றதே இல்ல."

"மனு போடுறேன்."

"பசங்க எப்படி இருக்காங்க?"

"அண்ணி என்கிட்டப் பேசறதில்லண்ணா. பெரியவன் பாஸாயிட்டான்னு கேள்விப்பட்டேன்."

அவன் தலையாட்டினான். இரண்டு பேரும் வலையின் இரண்டு பக்கமும் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் அவன் எழுந்து, கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே உள்ளே போனான்.

அவள் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். கூட்டமாக இருந்தது. முதல் பஸ்ஸில் ஏற முடியவில்லை.